காயம் ஆறிய பின்னும் காவல் வேண்டும்
காக்ளியர் கருவி பொருத்திய குழந்தைகளைத் தொற்றிலிருந்து காப்பது குறித்துப் பெற்றோருக்கு ஒரு பாடம்

பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு ஒலியுலகைத் திறந்துவிடும் காக்ளியர் கருவி, ஒரு காலத்தில் செல்வர் வீட்டுக் குழந்தைகளுக்கு மட்டுமே எட்டியதாக இருந்தது. பல இலட்சம் ரூபாய் பெறும் இக்கருவியை, 2012ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆறு வயதுக்குட்பட்ட ஏழைக் குழந்தைகளுக்கும் கட்டணமின்றிக் கிடைக்கச் செய்துள்ளது. தீப்பெட்டி ஆலையிலும் பட்டாசு ஆலையிலும் நூற்பாலையிலும் வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகள் இன்று இக்கருவியை அணிந்து பள்ளிக்குச் செல்கின்றனர்.

இந்த அறுவை மருத்துவம் மதுரை, திருநெல்வேலி, சென்னை போன்ற நகரங்களின் பெரிய மருத்துவமனைகளில் நடைபெறுகிறது. எங்கள் மருத்துவமனையில் நடைபெறுவதில்லை. ஆனால், அறுவை முடிந்து ஆலங்குளம், வெம்பக்கோட்டை, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரத்து வீடுகளுக்குத் திரும்பும் குழந்தைக்கு நள்ளிரவில் காய்ச்சல் கண்டால், பெற்றோர் முதலில் தூக்கிக்கொண்டு வருவது அருகிலுள்ள எங்களைப் போன்ற மருத்துவமனைகளுக்கே. மதுரைக்குப் பேருந்தில் செல்ல இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. அந்த இரவில் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பதைப் பெற்றோர் முன்னரே அறிந்திருப்பது இன்றியமையாதது. அதன் பொருட்டே இப்பாடத்தை எழுதுகிறோம்.

இதில் நினைவிற்கொள்ள வேண்டியது ஒன்றே: காக்ளியர் கருவி பொருத்திய குழந்தைக்கு வரும் காய்ச்சலை, மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை, சாதாரணக் காய்ச்சல் என்று எண்ணக் கூடாது. இதற்கான காரணத்தை முதலில் விளக்குவோம்.

கருவி எங்கே அமைகிறது?

காதின் பின்புறத் தோலைத் திறந்து, அங்குள்ள எலும்பைச் சிறிது சிறிதாகக் குடைந்து, நடுச்செவி வழியாக உட்செவியை அடைகிறார் மருத்துவர். நத்தைக் கூடு போலச் சுருண்டிருக்கும் உட்செவிப் பகுதியே காக்ளியா. அதனுள் மெல்லிய மின்முனைக் கம்பி செலுத்தப்படுகிறது. கருவியின் உட்பகுதி தலைத்தோலுக்கு அடியில் எலும்பின்மேல் அமர்த்தப்படுகிறது. அதில் ஒரு காந்தம் உண்டு. வெளியே அணியும் கருவியின் வட்டமான சுருள் இக்காந்தத்தால்தான் தலையில் ஒட்டிக்கொள்கிறது.

காதின் அமைப்பில் இங்குக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மூக்கும் தொண்டையும் சேருமிடத்திலிருந்து ஒரு குழல் நடுச்செவிக்குச் செல்கிறது. குழந்தைகளுக்கு இக்குழல் குட்டையாகவும் கிடைமட்டமாகவும் இருப்பதால், சளி பிடித்தவுடன் கிருமிகள் எளிதாக நடுச்செவிக்கு ஏறிவிடுகின்றன. குழந்தைகளுக்கு அடிக்கடி காது வலி வருவது இதனால்தான். நடுச்செவிக்கு அப்பால் உட்செவி; உட்செவியின் நீர் மூளையைச் சூழ்ந்துள்ள நீரோடு நுண்ணிய வழிகளால் தொடர்புடையது. இயல்பான காதில் நடுச்செவிக்கும் உட்செவிக்கும் இடையே உறுதியான தடுப்பு இருக்கிறது. கருவி பொருத்தும்போது மின்முனைக் கம்பி அத்தடுப்பைக் கடந்து செல்கிறது. கம்பியைச் சுற்றித் தசைத்துணுக்குகளை வைத்து மருத்துவர் அவ்வழியை அடைக்கிறார். நாளடைவில் உடலும் அதைத் திசுவால் மூடிவிடுகிறது. எனினும், பிறந்தபோது இருந்த தடுப்புக்கு இது முற்றிலும் நிகராகாது. மூக்கில் தொடங்கும் சளி மூளையின் உறை வரை செல்லக்கூடிய பாதையில் ஒரு கதவு சற்றே தளர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

அறுவை முடிந்த முதல் சில வாரங்கள்

பெரும்பான்மையான குழந்தைகள் ஓரிரு நாட்களிலேயே ஓடியாடத் தொடங்கிவிடுகின்றனர். வெளிக்கருவி பொருத்தி ஒலியைத் தொடங்கிவைப்பது பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குப் பின்னரே நடைபெறும். அதுவரை காயத்தைக் காப்பதே பெற்றோரின் முதற்கடமை.

மருத்துவர் அனுமதிக்கும் நாள் வரை தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. கழுத்துக்குக் கீழே குளிப்பாட்டினால் போதும். காயத்தின்மேல் மஞ்சள், திருநீறு, தேங்காய் எண்ணெய், மூலிகைப் பற்று ஆகியவற்றில் எதையும் இடக் கூடாது. அன்போடு இடப்படும் இவை தூய்மையான வெட்டுக்காயத்துக்குள் கிருமிகளைக் கொண்டு சேர்ப்பவை. காதுக்குள் காய்ச்சிய எண்ணெய் விடும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் உள்ளது. எந்தக் குழந்தைக்கும் அது நல்லதன்று. இக்குழந்தைக்கு ஒருபோதும் கூடாது. கொடுக்கப்பட்ட எதிர் உயிரி மருந்தை, காயம் ஆறிவிட்டதாகத் தோன்றினாலும், சொன்ன நாள்வரை கொடுத்து முடிக்க வேண்டும்.

குழந்தை நலமடைந்த மகிழ்ச்சியில் இருக்கன்குடி மாரியம்மனுக்கோ குலதெய்வத்துக்கோ முடி இறக்கி நேர்த்திக்கடன் செலுத்த விரும்பும் குடும்பங்கள் பல. நேர்த்திக்கடன் செலுத்தத் தடையில்லை. ஆனால் புதிய தழும்பின்மேல் சவரக்கத்தி படுவது காயத்தை மீண்டும் திறந்துவிடக் கூடும். காது குத்துவதும் அவ்வாறே. இவ்விரண்டுக்கும் அறுவை செய்த மருத்துவரிடம் நாள் கேட்டுக்கொண்டு செல்லுங்கள்.

இந்நாட்களில் பின்வருவனவற்றுள் எது தோன்றினாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

காயம் சிவந்து, சூடாகி, வீங்குதல், அதிலிருந்து நீரோ சீழோ கசிதல், தையல் விட்டுப்போதல்.

தோலுக்கு அடியில் பை போல மெத்தென்று வீங்குதல். இது இரத்தமோ நீரோ தேங்கியதாக இருக்கலாம். இதை வீட்டில் அழுத்தியோ குத்தியோ வெளியேற்ற முயலக் கூடாது.

ஒரு பக்க முகம் கோணுதல், ஒரு கண் முழுமையாக மூடாதிருத்தல். முகத்தை அசைக்கும் நரம்பு அறுவை நடைபெறும் இடத்துக்கு மிக அருகிலேயே ஓடுகிறது. வீக்கத்தால் வரும் தளர்ச்சி பெரும்பாலும் மருந்தால் சரியாகிவிடும். ஆனால் காலந்தாழ்த்தக் கூடாது.

மூக்கின் ஒரு துளையிலிருந்தோ காதிலிருந்தோ தெளிந்த நீர் சொட்டுதல், குறிப்பாகக் குழந்தை குனியும்போது சொட்டுதல். இது சளியாக இல்லாமல் மூளையைச் சூழ்ந்துள்ள நீராகவும் இருக்கக் கூடும்.

நடையில் தள்ளாட்டமும் வாந்தியும் சில நாட்கள் இருக்கலாம். உட்செவியே உடலின் சமநிலையையும் காப்பதால் இவ்வாறு நேர்கிறது. நாளுக்கு நாள் குறைந்தால் அஞ்ச வேண்டியதில்லை. கூடினாலோ காய்ச்சலோடு சேர்ந்து வந்தாலோ உடனே காட்ட வேண்டும்.

மாதங்கள் கடந்த பின் வரும் தொற்று

காயம் ஆறி, தழும்பு முடியால் மறைந்த பிறகும் இரண்டு இடங்களைப் பெற்றோர் நாள்தோறும் பார்க்க வேண்டும். முதலாவது, காந்தம் ஒட்டும் இடம். இரவில் வெளிக்கருவியைக் கழற்றும்போது அவ்விடத்துத் தோலை விரலால் தொட்டுப் பாருங்கள். சிவப்பு, புண், தோல் மெலிதல், வலி ஆகியவை இருந்தால் காந்தத்தின் இழுவிசை மிகுதியாக உள்ளது என்று பொருள். செவித்திறன் நிபுணர் அதைவிட வலிமை குறைந்த காந்தத்தை மாற்றித் தருவார். சிறிய இந்த மாற்றத்தைச் செய்யாமல் விட்டால், தோல் அரித்து, உள்ளிருக்கும் கருவி வெளியே தெரியும் நிலை ஏற்படலாம்.

இரண்டாவது, தழும்பும் அதைச் சுற்றியுள்ள பகுதியும். குழந்தை விளையாடும்போது விழுந்து அவ்விடத்தில் அடிபட்டால், வெளிக்காயம் இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். அடியால் தேங்கும் இரத்தத்தில் கிருமி சேரலாம், கருவியும் பழுதுபடலாம்.

கருவியில் தொற்று ஏற்பட்டால் அதை நீக்குவது ஏன் கடினம் என்று பெற்றோர் கேட்பதுண்டு. கண்மாய்ப் படித்துறையின் கல்லில் படியும் பாசியை எண்ணிப் பாருங்கள். மேலே தண்ணீர் ஓடினாலும் பாசி போவதில்லை. சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அதுபோலவே சில கிருமிகள் உடலுக்குள் வைத்த பொருளின்மேல் வழவழப்பான படலமாகப் படிந்துவிடுகின்றன. இரத்தத்தின் வழியே வரும் மருந்து அப்படலத்துக்குள் போதிய அளவு நுழைவதில்லை. மருந்து கொடுக்கும்போது தொற்று அடங்கும். நிறுத்தியதும் மீண்டும் தலைதூக்கும். அந்நிலையில் கருவியையே அகற்றிவிட்டு, தொற்று முற்றிலும் நீங்கிய பின் புதிய கருவியைப் பொருத்த வேண்டியதாகிறது. அதுவரை குழந்தை ஒலியின்றி இருக்கும். மொழி கற்கும் பொன்னான மாதங்கள் வீணாகும். படலம் படியுமுன் தொடக்கத்திலேயே சிகிச்சை செய்தால் பெரும்பாலும் கருவியைக் காப்பாற்றிவிடலாம்.

உலகம் கற்ற பாடம்

காக்ளியர் கருவியின் வரலாற்றில் 2002ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. அவ்வாண்டு, கருவி பொருத்தியவர்களுள் சிலருக்கு மூளை உறையில் பாக்டீரியா தொற்று ஏற்பட்ட செய்திகள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அடுத்தடுத்து வந்தன. மூளைக்காய்ச்சல் என்று நாம் பொதுவாகச் சொல்லும் நோய்களுள் இதுவும் ஒன்று. கம்பியை உரிய இடத்தில் நிறுத்துவதற்காக உட்செவிக்குள் கூடுதலாக ஓர் ஆப்பு வைக்கும் வகைக் கருவி அவ்வாண்டே விற்பனையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது.

அமெரிக்க அரசு மருத்துவ ஆய்வாளர்கள், 1997 முதல் 2002 வரை ஆறு வயதுக்குள் கருவி பொருத்தப்பட்ட 4,264 குழந்தைகளை ஆராய்ந்து, 2003ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுள் 26 குழந்தைகளுக்கு இந்நோய் வந்திருந்தது. நியூமோகாக்கஸ் என்னும் கிருமியால் வரும் மூளை உறைத் தொற்று, அதே வயதுடைய பொதுவான குழந்தைகளைவிட இவர்களிடம் முப்பது மடங்குக்கும் மேலாகக் காணப்பட்டது. ஆப்பு வைத்த கருவியுடைய குழந்தைகளுக்கும், பிறவியிலேயே உட்செவி வடிவம் குறைபட்டு மூளை நீர் கசிந்த குழந்தைகளுக்கும் ஆபத்து மிகுதியாக இருந்தது. தொடர்ந்து கவனித்தபோது, அறுவைக்குப் பின் இரண்டு ஆண்டுகள் கடந்தும் புதிய நோயாளிகள் தோன்றினர்.

இந்த எண்களைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நான்காயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுள் இருபத்தாறு பேர் என்றால், மிகப் பெரும்பாலோர்க்கு இந்நோய் வரவேயில்லை என்பதே பொருள். ஆகவே, இதற்கு அஞ்சி அறுவையை மறுப்பது தவறு. ஆனால், வந்துவிட்டால் சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடிய நோய் இது. அறுவைக்குப் பின் எத்தனை ஆண்டுகள் ஆனாலும் விழிப்பு வேண்டும் என்பதே அந்த ஆய்வுகள் தரும் பாடம். ஆப்பு வைத்த கருவி இன்று புழக்கத்தில் இல்லை, தடுப்பூசியும் கிடைக்கிறது. நம் காலத்துக் குழந்தைகள் அன்றைய குழந்தைகளைவிட நல்ல பாதுகாப்பில் உள்ளனர்.

தடுப்பூசி என்னும் வேலி

அறுவைக்கு முன்பே குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஹிப் என்னும் கிருமிக்கு எதிரான மருந்து, 6, 10, 14ஆம் வாரங்களில் போடப்படும் பென்டாவேலன்ட் ஊசியில் அடங்கியுள்ளது. நியூமோகாக்கல் தடுப்பூசி தமிழ்நாட்டின் அரசுத் தடுப்பூசி அட்டவணையில் சேர்ந்தது 2021ஆம் ஆண்டில்தான். 6ஆம் வாரத்திலும் 14ஆம் வாரத்திலும் இரண்டு தவணைகள். 9ஆம் மாதத்தில் ஊக்கத் தவணை. அதற்கு முன் பிறந்த குழந்தைகள் பலர், தனியாரிடம் போட்டிருந்தாலன்றி, இதைப் பெற்றிருக்க மாட்டார்கள். அறுவை முடிந்துவிட்டது என்பதற்காக இதை விட்டுவிட வேண்டாம். விடுபட்ட தவணைகளை இப்போதும் போட்டுக்கொள்ளலாம். எத்தனை என்பதை வயதை வைத்து மருத்துவர் கூறுவார்.

இதோடு முடிந்துவிடுவதில்லை. கருவி பொருத்திய குழந்தைகளுக்கு இரண்டு வயது நிறைந்த பின், 23 வகை நியூமோகாக்கஸ்களுக்கு எதிரான மற்றொரு தடுப்பூசியும் போட வேண்டும். முந்தைய நியூமோகாக்கல் ஊசிக்கும் இதற்கும் இடையே குறைந்தது 8 வார இடைவெளி தேவை. இது அரசின் பொது அட்டவணையில் இல்லாததால் யாரும் நினைவூட்ட மாட்டார்கள். பெற்றோரே கேட்டுப் பெற வேண்டும். இயன்றவரை, அறுவைக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பாகவே தேவையான ஊசிகளை முடித்துக்கொள்வது நல்லது.

வீட்டிலும் சில செய்யலாம். குழந்தை இருக்கும் இடத்தில் எவரும் புகைபிடிக்கக் கூடாது; புகை நடுச்செவித் தொற்றைப் பெருக்குகிறது. படுக்க வைத்துப் புட்டிப்பால் கொடுக்கக் கூடாது. சளி பிடித்த குழந்தை காதைத் தடவினாலோ, காதில் சீழ் வந்தாலோ, சொட்டு மருந்து வாங்கி ஊற்றாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சொல்லத் தெரியாத குழந்தை

கேட்கும் குழந்தை, "அம்மா, தலை வலிக்குது" என்று சொல்லும். அண்மையில் கருவி பொருத்தப்பட்ட குழந்தைக்கு அந்தச் சொற்கள் இன்னும் வந்திருக்காது. வயது நான்கானாலும் மொழியில் அது ஒரு வயதுக் குழந்தையாக இருக்கலாம். எனவே அதன் வலியைப் பெற்றோரின் கண்கள்தான் கண்டறிய வேண்டும்.

காய்ச்சலோடு வாந்தி, கழுத்தை முன்னால் வளைக்க முடியாத விறைப்பு, வெளிச்சத்தைக் கண்டு முகத்தைத் திருப்புதல், எழுப்பினாலும் விழிக்காத மயக்கம், வலிப்பு, தூக்கினால் கூடுதலாக அழுதல். கைக்குழந்தையாயின் பால் குடிக்க மறுத்தல், கீச்சிட்ட அழுகை, உச்சிக்குழி புடைத்திருத்தல். எப்போதும் விரும்பி அணியும் வெளிக்கருவியைத் திடீரென்று பிடுங்கி எறிதலும், நன்றாகக் கேட்டுவந்த குழந்தை அழைத்தால் திரும்பாமையும் கவனிக்கத் தக்கவை. மூளை உறைத் தொற்றின் எல்லா அறிகுறிகளும் ஒரே வேளையில் தோன்ற வேண்டும் என்பதில்லை. காய்ச்சலோடு இவற்றுள் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

அந்த இரவில் செய்ய வேண்டியவை

மருந்துக் கடையில் நிலைமையைச் சொல்லி இரண்டு நாள் மாத்திரை வாங்கிக் கொடுத்துப் பார்ப்பதே நாங்கள் கண்டவற்றுள் மிகவும் ஆபத்தான வழக்கம். அரைகுறை மருந்து அறிகுறிகளை மறைக்குமேயன்றி நோயை மாற்றாது. எந்தக் கிருமி என்று கண்டறிவதையும் கடினமாக்கிவிடும். "காலையில் பார்க்கலாம்" என்பதும் அத்தகையதே. மதுரைக்கே செல்ல வேண்டும் என்று வண்டி தேடி நேரம் போக்கவும் வேண்டாம். அருகிலுள்ள மருத்துவமனைக்கு வாருங்கள். வண்டி இல்லையெனில் 108ஐ அழையுங்கள். தேவையான ஊசி மருந்தை இங்கேயே தொடங்கிவிட்டு, மேல் சிகிச்சைக்கு எங்கே அனுப்புவது என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

பணியில் இருப்பவரிடம் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம் இது: "இந்தக் குழந்தைக்குக் காதுக்குள் காக்ளியர் கருவி வைத்திருக்கிறது, காய்ச்சல் வந்திருக்கிறது." முடி மறைத்திருக்கும் தழும்பு இரவு நேரப் பரபரப்பில் எவர் கண்ணிலும் படாமல் போகலாம். கருவியின் அடையாள அட்டை, தடுப்பூசி அட்டை, அறுவை செய்த மருத்துவமனையின் வெளியேற்றச் சுருக்கம் ஆகிய மூன்றையும் ஒரே உறையில் இட்டு, வீட்டில் அனைவருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். பாட்டியோ சித்தப்பாவோ குழந்தையைத் தூக்கி வர நேர்ந்தாலும் அந்த உறை உடன்வர வேண்டும்.

முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் ஊசியிட்டுச் சிறிது நீர் எடுத்துச் சோதிக்க மருத்துவர் கேட்கலாம். கால் விளங்காமல் போய்விடும் என்ற அச்சத்தால் கையெழுத்திட மறுக்கும் பெற்றோரைக் காண்கிறோம். தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் அந்த ஊசி இடப்படுகிறது. அதனால் தண்டுவடத்தில் படுவதில்லை. எந்தக் கிருமி, எந்த மருந்து என்பதை உறுதியாகச் சொல்லும் சோதனை அதுவே.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னால், உள்ளே காந்தம் இருப்பதைத் தவறாமல் கூறுங்கள். கருவியின் வகைக்கேற்ற முன்னேற்பாடின்றி அதை எடுக்கக் கூடாது. சி.டி. ஸ்கேனுக்கு அத்தகைய தடையில்லை. பிற்காலத்தில் வேறு எந்த அறுவை நடைபெற்றாலும், கருவி இருப்பதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். மின்சாரத்தால் இரத்தக் கசிவை நிறுத்தும் சில முறைகளைத் தலை, கழுத்துப் பகுதியில் கையாளக் கூடாது.

இவ்வளவும் கேட்ட பின் பெற்றோர் மனத்தில் அச்சம் எழுவது இயற்கை. குழந்தையைப் பொத்திப் பொத்தி வைக்க வேண்டியதில்லை. அது ஓடலாம், மண்ணில் விளையாடலாம்; காயம் நன்கு ஆறி மருத்துவர் இசைந்த பின், வெளிக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டு நீந்தவும் செய்யலாம். கருவியை நாள் முழுதும் அணிந்து, பேச்சுப் பயிற்சிக்குத் தவறாமல் சென்றால்தான் மொழி வளரும். அறுவை செய்தவர் திறந்த வாயிலைப் பழுதின்றிக் காப்பது வீட்டில் உள்ளோரின் கையில் இருக்கிறது. தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். ஐயம் இருந்தால் அடுத்த முறை வரும்போது அதை எங்களிடம் காட்டுங்கள்.